உன்சானில் தங்கிவிட்ட குரு: புதுச்சேரி, கடலூரில் நான்கு நாள்

அக்டோபர் 31, இரவு. புதுச்சேரி

நவம்பர் 1 இந்த ஊருக்கு இரட்டை நாள். 1954இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிய விடுதலை நாள் அது. கத்தோலிக்கர்களுக்கு அனைத்துப் புனிதர் பெருவிழா. மறுநாள் கல்லறைத் திருநாள். இந்த இரண்டு நாளுக்கும் நடுவிலுள்ள இரவில்தான், 1950ஆம் ஆண்டு, கொரியப் போரின்போது, வட கொரியாவின் உன்சான் என்ற ஊருக்கு அருகே, எமில் கபான் என்ற 34 வயது அமெரிக்கப் படைக்குரு (படைவீரர்களோடு போகும் கத்தோலிக்கப் பாதிரியார்), தப்பிக்க வழி இருந்தும் காயம்பட்டவர்களோடு தங்கிவிட்டார். ஏழு மாதம் நிறைவதற்குள் கைதிகள் முகாமில் இறந்தார். அவர் வாழ்க்கையை எங்கள் பங்கு (கோயில் சமூகம்) இளையோருக்கு நடந்தபடியே சொல்லிக்கொடுக்க ஏற்ற தேதிகள் இவை. கோயில்கள், கடற்கரைப் போர் நினைவிடம், உப்பளம் கல்லறை, கடலூர்க் கோட்டை என்று வழி வகுத்திருக்கிறோம். அன்றன்றைய பகுதி அன்றிரவே இங்கே வரும்.

படைக்குரு என்றால் யார் என்பதைத் தெளிவாக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நம் தரைப்படையில் பண்டிட், மௌலவி, கிரந்தி, பாதிரி என்று சமய ஆசிரியர்கள் ஜே.சி.ஓ. நிலையில், அதாவது முழு அதிகாரிக்கு ஒரு படி கீழே, இருக்கிறார்கள். அமெரிக்கப் படையில் குரு ஓர் அதிகாரி. கேப்டன், மேஜர் என்று பட்டம் உண்டு, ஆனால் படையை நடத்தும் அதிகாரம் கிடையாது. ஆயுதம் ஏந்த மாட்டார். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை மருத்துவர்களுக்குக் கொடுத்த பாதுகாப்பைக் குருக்களுக்கும் கொடுத்தது. பிடிபட்டால் அவர் போர்க்கைதி அல்ல. கைதிகளுக்குப் பணிசெய்வதற்காக வைத்துக்கொள்ளப்பட்டவர். வெளியே வேலைக்குப் போன கைதிகளையும் மருத்துவமனையில் இருப்பவர்களையும் பார்க்கப் போய்வர அவருக்கு வண்டி கொடுக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. கபானுக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்குச் சில மாதம் முன்பு, 1950 ஜூலை 16 அன்று, தென் கொரியாவின் தேஜோன் அருகே ஹெர்மன் ஃபெல்ஹோல்ட்டர் என்ற இன்னொரு குரு, தூக்கிச் செல்ல முடியாத காயக்காரர்களோடு தங்கி, அவர்களோடே கொல்லப்பட்டார். அவருக்கு வயது 36. சிலுவை போட்ட தலைக்கவசம் குண்டைத் தடுக்காது என்பது அந்தப் போரின் முதல் மாதமே தெரிந்துபோனது.

இன்று மாலை நடந்த வழி: ரயில் நிலையத்தின் எதிரே இருக்கும் திரு இருதய பசிலிக்கா, அங்கிருந்து மிஷன் வீதியில் சம்பா கோயில், பிறகு கடற்கரைப் பக்கம் கப்ஸ் கோயில். மூன்றும் சேர்த்துப் பொறுமையாகப் பார்க்க இரண்டரை மணி நேரம் வேண்டும். பசிலிக்கா 1907இல் திறக்கப்பட்டது, 2011இல் பசிலிக்கா ஆனது. கண்ணாடி ஓவியங்களைப் பார்க்க வெயில் சாய்வதற்குள் போய்விட வேண்டும். ஆறு மணிக்கு மேல் அவை வெறும் கறுப்புக் கட்டங்கள். கப்ஸ் கோயிலைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் அதன் பெயர். கப்புச்சின் துறவிகளிடமிருந்து வந்த பெயர் அது. பிரெஞ்சுக் குடியிருப்பில் இருந்த ஐரோப்பியர்களுக்கு ஆன்ம காரியம் பார்த்தவர்கள் அவர்கள். படை போகும் ஊருக்குக் குருவும் போகும் வழக்கம் நம் கடற்கரைக்குப் புதிதல்ல.

கபானின் இளமையைக் கப்ஸ் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்தே சொல்லி முடித்துவிடலாம். 1916 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பில்சன் என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு பண்ணையில் பிறந்தார். செக் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பம். மாடு, கோதுமை, வேலி, ஓட்டை உடைசல் எதையும் தூக்கிப்போடாமல் செப்பனிட்டுப் பயன்படுத்தும் வீடு. இந்தப் பண்ணைக் கைவேலைதான் பின்னால் பல உயிர்களைக் காப்பாற்றியது. அதனால் இதைச் சொல்லாமல் குருமடத்துக்குத் தாவிவிடக் கூடாது. 1940 ஜூன் 9 அன்று குருப்பட்டம். சொந்த ஊர்ப் பங்கிலேயே உதவிப் பணி. 1944இல் படைக்குருக்களுக்கான பயிற்சிப் பள்ளி. 1945 ஏப்ரலில் அவர் வந்து சேர்ந்தது நம் நாட்டுக்கு! அசாமின் லிடோவிலிருந்து பர்மாவுக்குப் போகும் சாலையில் ஆங்காங்கே இருந்த படைவீரர்களுக்குத் திருப்பலி வைக்க ஜீப்பிலும் விமானத்திலுமாக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் சுற்றினார். 1946இல் ஊர் திரும்பி, கல்வியியலில் முதுகலை முடித்து, 1948இல் மறுபடியும் படையில் சேர்ந்தார். 1950 ஜூலையில் முதல் குதிரைப்படைப் பிரிவோடு கொரியாவில் இறங்கினார். பெயர்தான் குதிரைப்படை, அப்போது அது காலாட்படை.

நவம்பர் 1. புதுச்சேரி

விடுதலை நாள் கொடியேற்றம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கம் நடப்பதால் காலையில் அங்கே வண்டி போகாது. ஆறு மணித் திருப்பலிக்குப் போய்விட்டு நடந்தே வருவது நல்லது. குடை கட்டாயம். வடகிழக்குப் பருவமழை இந்த வாரத்தில் சொல்லாமல் வரும்.

போர் நினைவிடம் காந்தி சிலைக்கு அருகில்தான். 1938இல் திறக்கப்பட்டது. பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் முதல் உலகப்போரில் மாண்டவர்களுக்கானது. நாள்தோறும் உள்ளே விடமாட்டார்கள். ஜூலை 14, நவம்பர் 11 போன்ற நாட்களில்தான் மலர்வளையம் வைப்பார்கள். இன்று கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. அதுவே போதும். இந்த ஊரில் ‘சொல்தா வீடு’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனுக்கும் ஹனோய்க்கும் போன தாத்தாக்களின் வீடு, பிரான்சிலிருந்து பென்ஷன் வரும் வீடு. கபான் கொரியாவில் இருந்த அதே 1950இல் புதுச்சேரி சொல்தாக்கள் இந்தோசீனப் போரில் இருந்தார்கள். பிள்ளை எங்கே விழுந்தான், கடைசியில் பக்கத்தில் யார் இருந்தார்கள், அவஸ்தைபூசுதல் (சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் சடங்கு) கிடைத்ததா என்று ஒரு தாய் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியவர் படைக்குருதான். அரசுத் தந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே குருவின் கடிதம் போகலாம். முந்திக்கொண்டால், பெயர்க் குழப்பத்தில் உயிரோடு இருப்பவனுக்கு வீட்டில் ஒப்பாரி எழும்.

நினைவிடத்தின் எதிரே கடல் பார்த்த சுவரில் உட்கார்ந்து, இளையோருக்கு ஒரு படத்தைக் காட்டினோம். 1950 அக்டோபர் 7 அன்று எடுத்தது. கபான் தன் ஜீப்பின் பானெட்டைப் பீடமாக்கித் திருப்பலி வைக்கிறார். வெள்ளைத் திருவுடைக்குக் கீழே பூட்ஸ் தெரிகிறது. பக்கத்தில் ஒரு வீரர் தரையில் முழங்காலில் நிற்கிறார். இந்தப் படத்தைப் பக்திப் படமாகக் கடந்துவிடாமல், அதில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்ல வேண்டும். பீடத்துக்கு என்னென்ன தேவை, அதில் எது எப்போது கெடும் என்று தெரிந்தால்தான் அந்த மனிதரின் ஒரு நாள் எப்படி இருந்திருக்கும் என்பது புரியும்.

படைக்குருவின் பெட்டி ஒரு சின்ன சூட்கேஸ் அளவுதான். உள்ளே இரசக் கிண்ணம், அப்பத்தட்டு, நற்கருணைச் சிமிழ், தண்ணீருக்கும் இரசத்துக்கும் இரண்டு குப்பி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), இரண்டு மெழுகுவர்த்தி, பீடத்துணிகள், இலத்தீன் பூசைப் புத்தகம், கைமணி. கூடவே, இன்றைய இளையோர் பார்த்திராத ஒன்று: பீடக்கல். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, புனிதரின் திருப்பண்டம் (எலும்புத் துணுக்கு போன்றது) பதித்த, ஆயர் மந்திரித்த, அதாவது ஆசீர்வதித்த, கல். அந்தக் காலத்தில் அது இல்லாமல் எந்த மரமேசையும் எந்த ஜீப்பும் பீடமாகாது. துணி விரிக்கும் முன் கல்லை வைக்க வேண்டும், கல்லின் மேலேதான் கிண்ணமும் அப்பமும் நிற்க வேண்டும்.

பானெட் சமதளம் அல்ல, முன்பக்கம் சரிவு. வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தினால்தான் கிண்ணம் நேராக நிற்கும். இஞ்சினை அணைத்துச் சிறிது நேரம் விட வேண்டும். அதிர்வு நிற்பதற்காகவும், சூட்டில் மெழுகு வளையாமல் இருப்பதற்காகவும். காற்றுதான் பெரிய எதிரி. அப்பம் இலேசானது, ஒரே வீச்சில் வயலுக்குப் போய்விடும். அதனால் தட்டின் மேல் கடைசி நொடி வரை மூடி. மழைக்காலத்தில் அப்பம் ஈரம் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டும். டின்னில் அடைத்துத் துணியில் சுற்ற வேண்டும். கொரியக் குளிரில் குப்பியில் இரசம் உறையும். உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்வதுதான் வழி. தீர்ந்துபோனால் வேறு எதையும் ஊற்ற முடியாது, திராட்சை இரசமேதான் வேண்டும். முகாமில் இந்தச் சட்டம் அவரை எப்படி வாட்டியது என்பதைக் கடலூரில் சொல்கிறோம்.

ஜீப்பே போய்விட்ட நாட்களும் உண்டு. எதிரித் தாக்குதலில் வண்டியும் பூசைப் பொருள்களும் தொலைந்தபோது ஒரு பழைய சைக்கிளைப் பிடித்து அணி அணியாகப் போனார். வாயில் இருந்த புகைக்குழாயை ஒரு குண்டு உடைத்துவிட்டது. காயம்பட்ட ஒருவரைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் போய் எடுத்துவந்ததற்காக அந்த ஆகஸ்டிலேயே வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கு உரியவரானார்.

இரவு ஒன்பது மணிக்கு மேல், கடற்கரையில் கூட்டம் குறைந்த பிறகு, உன்சானைச் சொன்னோம். கபான் இருந்த, 8ஆவது குதிரைப்படை ரெஜிமென்டின் மூன்றாவது பட்டாலியன் ஆற்றங்கரை வயல்வெளியில் இருந்தது. போர் முடியப்போகிறது, கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பலாம் என்ற பேச்சு. நள்ளிரவுக்குப் பின், வட கொரியாவின் பக்கம் நின்ற சீனப்படை இறங்கியது. கட்டளைக் கூடாரத்தின் பக்கத்தில் தோண்டியிருந்த பதுங்குகுழியில் காயக்காரர்கள் குவிந்தார்கள். தப்பிக்கக் கூடியவர்கள் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. கபான் கிளம்பவில்லை. வெளியே போய்ப் போய் அடிபட்டவர்களை இழுத்துவந்தார். கடைசியில், அங்கேயே காயத்தோடு கிடந்த ஒரு சீன அதிகாரியைப் பேசச் சொல்லி, குழிக்குள் இருந்தவர்களைச் சுட்டுத் தள்ளாமல் சரணடைய வைத்தார்.

வெளியே வந்தபோது சாலையோரப் பள்ளத்தில் கணுக்கால் நொறுங்கிக் கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்ற சார்ஜன்ட்டின் தலையில் ஒரு சீன வீரர் துப்பாக்கியை வைத்திருந்தார். கபான் நேராக நடந்து போய், அந்தத் துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு, மில்லரைத் தூக்கிக்கொண்டார். சுட இருந்தவர் சுடவில்லை. மில்லர் உயிரோடு ஊர் திரும்பினார். 2013 ஏப்ரல் 11 அன்று வெள்ளை மாளிகையில் கபானுக்கு உயரிய வீரப் பதக்கம் வழங்கப்பட்டபோது அந்த அறையில் அவர் உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 2. உப்பளம் கல்லறை

காலை மழை, மதியத்துக்கு மேல் தெளிவு. கல்லறைகளுக்கு முந்தின வாரமே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சாமந்தியும் கோழிக்கொண்டையும் வாசலிலேயே கிடைக்கும். நாலு மணிக்கு மேல் விலை ஏறிவிடும். மெழுகுவர்த்தியைக் கல்லின் மேல் நேராக நிறுத்தினால் கடற்காற்றில் நிற்காது. பாதி கொட்டாங்குச்சியில் ஈர மணல் போட்டு நட்டால் நிற்கும், கல்லிலும் மெழுகு படியாது. குரு மந்திரித்துக்கொண்டு வரும்போது வரிசைகளுக்கு நடுவே வழிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

1950இல் இதே நாளில் கபான் கைதியானார். கைதிகளை வடக்கே சீன எல்லையிலுள்ள யாலு ஆற்றங்கரை நோக்கி நடத்தினார்கள். இரவில் நடை, பகலில் பதுங்கல். நடக்க முடியாமல் பின்தங்கியவர்கள் திரும்பிவரவில்லை. மில்லரைத் தன் தோளில் சாய்த்தே நடத்திவந்தார். மற்றவர்களைச் சுமக்க ஆள் சேர்க்கும் முறை எளிதானது. தூக்கச் சொல்லி அதட்டாமல், தானே குனிந்து டோலியின் ஒரு முனையைப் பிடிப்பார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முனைக்கு யாராவது வருவார்கள்.

கல்லறைத் திருநாளில் பேச வேண்டியது அவருடைய அடக்கப் பணி. அமெரிக்க வீரர் ஒவ்வொருவர் கழுத்திலும் இரண்டு உலோக வில்லை. அதில் பெயர், எண், இரத்த வகை, சமயத்துக்கு ஓர் எழுத்து. ஒரு வில்லை உடலோடு போகும், மற்றொன்று பதிவுக்கு. அந்த ஓர் எழுத்தை நம்பித்தான் குரு, நினைவிழந்து கிடப்பவனுக்கு அவஸ்தைபூசலாமா, வேறு செபம் சொல்ல வேண்டுமா என்று முடிவெடுப்பார். அப்போதைய முறைப்படி கண், காது, மூக்கு, உதடு, கை, கால் என்று தனித்தனியே எண்ணெய் பூச வேண்டும். குண்டு விழும் இடத்தில் அதற்கு நேரம் இல்லை என்றால் நெற்றியில் ஒரே ஒரு பூசுதல் போதும். எண்ணெயைத் திரவமாகக் கொண்டுபோனால் கொட்டும். சிறு உலோகச் சிமிழில் பஞ்சை வைத்து அதில் ஊறவைத்துக்கொள்வார்கள். பெருவிரல் பட்டால் போதுமான அளவு வரும். தாக்குதல் தொடங்கும் முன் அணி முழுவதற்கும் ஒரே நேரத்தில் பொதுப் பாவமன்னிப்பு கொடுக்கலாம். பாவத்துக்காக உள்ளத்தில் வருத்தம் வேண்டும், பிழைத்துவந்தால் அந்தப் பாவங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையையும் சொல்லாமல் விட்டால் அது மந்திரம் போலாகிவிடும்.

முகாமில் நிலம் உறைந்து கிடந்தது. மண்வெட்டி இறங்காது. ஆழமாகத் தோண்ட உடம்பில் வலுவும் இல்லை. எலும்பும் தோலுமான ஆட்கள் இன்னொரு எலும்புக்கூட்டைச் சுமந்து போய், கல்லையும் மண்ணையும் மேலே போட்டுவிட்டு வருவார்கள். யாரும் போக விரும்பாத வேலை. கபான் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். செபம் சொல்வார். புதைக்கும் முன் இறந்தவரின் துணியைக் கழற்றி, கொண்டுவந்து துவைத்து, குளிரில் நடுங்குகிறவருக்குக் கொடுப்பார். கேட்கும்போது இளையோர் சிலருக்கு முகம் சுளித்தது. வெப்பநிலை பூஜ்யத்துக்குப் பல பாகை கீழே என்றால் ஒரு சட்டை என்பது ஓர் உயிர். பேன் நிறைந்த துணியை வெறுமனே மாற்றிக் கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுத்ததாகும், துவைப்பு அதற்காகத்தான்.

அவருடைய சொந்தக் கல்லறையின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், முகாம் கதைக்கு முன்பாக இருந்தாலும். போர்நிறுத்தத்துக்குப் பின் 1954இல் இரு தரப்பும் இறந்தவர்களின் உடல்களை மாற்றிக்கொண்டன. பெயர் கண்டுபிடிக்க முடியாத அமெரிக்க உடல்களை ஹவாயில் ஹொனலூலு நகரத் தேசியக் கல்லறையில் ‘அறியப்படாதவர்’ என்று புதைத்தார்கள். கபான் அவர்களில் ஒருவர் என்பது யாருக்கும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து அந்த உடல்களைத் தோண்டியெடுத்து ஆய்வுசெய்தார்கள். பல் அமைப்பு, எலும்பின் அளவுகள், தாய்வழி மரபணு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குத் தாய்வழி மரபணு ஒன்றாகவே இருப்பதால் குடும்பத்தாரின் மாதிரியோடு ஒப்பிட முடிந்தது. 2021 மார்ச்சில் அடையாளம் உறுதியானது, 70 ஆண்டுக்குப் பிறகு. அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று கான்சாஸின் விச்சிட்டா நகரப் பேராலயத்தில் அவர் உடலை வைத்தார்கள்.

உப்பளத்தில் பெயர் அழிந்துபோன கல்லறைகள் நிறைய உண்டு. கையோடு வந்த மெழுகுவர்த்திகளில் பாதியை அவற்றுக்கென்று ஒதுக்கியிருந்தோம். ஆறரை மணிக்கு ஒரு தூறல் வந்தது. கொட்டாங்குச்சியில் இருந்தவை அணையவில்லை.

நவம்பர் 3. கடலூர்

புதுச்சேரி புதிய பேருந்து நிலையத்திலிருந்து கடலூருக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, நகரப் பேருந்திலோ ஆட்டோவிலோ தேவனாம்பட்டினம். கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம். 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் என்று பேரம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் அதைத்தான் சொல்கிறது. 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லல்லியிடம் கோட்டை வீழ்ந்தது. 1740 முதல் கடலூரில் இருந்த ஸ்வீடன் நாட்டு மறைப்பணியாளர் கியர்நாந்தர் அந்த ஆண்டு இங்கிருந்து தரங்கம்பாடிக்குப் போய், பிறகு கல்கத்தா சென்று பணியைத் தொடர்ந்தார். போர் வந்தால் குருவுக்கு ஊரைவிட்டுப் போகும் வழியும் உண்டு, அதில் தவறும் இல்லை. கபானுக்கும் அந்த வழி இருந்தது என்பதை நினைவில் வைத்தால்தான் அவர் தங்கியதன் எடை தெரியும்.

கபான் அடைக்கப்பட்டது யாலு ஆற்றங்கரையில் ப்யோக்தோங்கில். ஐந்தாம் எண் முகாம். உணவு, உடைத்த மக்காச்சோளமும் தினையும், எப்போதாவது சோயா. தினை நமக்குத் தெரியாததா? ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர், அரை மணி ஊறல், இருபது நிமிடம் வேகல் என்றால் குழந்தைக்கும் கொடுக்கலாம். உடைத்த மக்காச்சோளத்துக்கு இரண்டு மடங்கு நேரம் வேண்டும். முகாமில் விறகு இல்லை. அரைவேக்காட்டுத் தானியம், அதன் மேல்தோல், ஏற்கெனவே புண்ணான குடலைச் சீவிக்கொண்டு போகும். மக்காச்சோளத்தை மட்டுமே தின்றால் பெல்லக்ரா என்ற சத்துக்குறைவு நோய் வரும்; தோல் வெடிக்கும், புத்தி பிசகும். பச்சைத் தண்ணீரையும் அழுக்குப் பனியையும் தின்றவர்களுக்குச் சீதபேதி. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில், இருபது வயதுப் பையன்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்து, இரண்டு நாளில் இறந்துபோனார்கள்.

அங்கே போதனைக்கு அனுமதி இல்லை. கபான் தண்ணீர் காய்ச்சினார்.

குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் தகரத் தகட்டை எடுத்து, கல்லால் தட்டி, மூலைகளை மடித்துச் சட்டியாக்கினார். இதை நேரில் செய்து பார்க்கத்தான் கடலூர் முதுநகரில் தகர வேலை செய்பவர் ஒருவரிடம் போனோம். செய்முறை இது. 15 கிலோ எண்ணெய் டின்னின் இரண்டு பக்கத்தை விரித்தால் ஏறத்தாழ 18 அங்குலம் நீளம், 14 அங்குலம் அகலம் கிடைக்கும். டின்னின் பக்கவாட்டு ஒட்டு அதில் வராதபடி வெட்டவும். நான்கு ஓரத்திலும் 3 அங்குலம் விட்டுக் கோடு போடவும். கோட்டோடு ஒட்டி ஒரு நேரான கல்விளிம்பை வைத்து ஓரங்களை மேலே தூக்கவும். மூலையில் தகடு காது மாதிரி பிதுங்கும். இங்கேதான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். கத்தரித்துவிடக் கூடாது. வெட்டினால் அந்த இடத்தில் ஒழுகும், பற்றவைக்க அங்கே ஈயம் ஏது? காதை இரண்டாக மடித்து வெளிச்சுவரோடு படியவைத்து, மேல்விளிம்பை அதன் மேல் திருப்பி அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். கூர்க்கல்லால் அடித்தால் மடிப்பில் விரிசல் விடும். ஆற்றுக் கூழாங்கல் போல உருண்டதாக இருக்க வேண்டும். இரண்டு அங்குலம் வரை ஊற்றினால் மூன்று லிட்டர் கொள்ளும். இளையோர் செய்த நான்கில் இரண்டு ஒழுகின. இரண்டுமே மூலையை வெட்டியவை.

மூன்று லிட்டர் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சீதபேதிக் கிருமி சாகும். விறகுக்கு வேலிக் கட்டைகளைக் களவாடினார். விடிவதற்கு முன் எழுந்து நெருப்பு மூட்டி, நோயாளிகளுக்கு வெந்நீர் கொண்டுபோவார். மீதித் தண்ணீரில் அவர்களின் மலம் தோய்ந்த துணிகளைத் துவைப்பார். பலமிழந்தவர்களின் சட்டைத் தையல்களில் பேன் பொறுக்குவார். தன்னால் பேன் பொறுக்க முடியாமல் போனவன் சீக்கிரம் செத்துவிடுவான் என்பது முகாமில் எல்லாருக்கும் தெரியும். தன் கடிகாரத்தைக் கொடுத்து ஒரு போர்வை வாங்கி, அதை வெட்டிக் காலுறைகளாக்கிப் பங்கிட்டார்.

உணவைத் திருடினார். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். தானியக் கிடங்குக்கு ஆட்கள் போகும்போது, முன்னால் நிற்பவர்கள் காவலரோடு வாய்த்தகராறு வளர்ப்பார்கள். அவர் பின்பக்கமாக நழுவி ஒரு மூட்டையோடு மறைவார். போகும் முன் இயேசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனை வேண்டிக்கொள்வார். கொண்டுவந்ததைப் பொதுவில் வைப்பார். தாங்கள் களவாடியதைத் தங்களுக்கென்று பதுக்கிவைத்தவர்கள் அதைப் பார்த்து, மெல்ல மெல்லப் பொதுவில் வைக்கத் தொடங்கினார்கள். இரவில் காவலை ஏமாற்றி மற்றக் குடிசைகளுக்குள் நுழைந்து ஒரு சிறு செபம், ஓர் ஆசீர், அடுத்த குடிசை.

1951 மார்ச் 25 பாஸ்கா ஞாயிறு, அதாவது ஈஸ்டர். இடிந்த ஒரு கோயிலின் படிகளில், சூரியன் எழும்போது, கழுத்தில் ஊதா நிறப் பட்டையோடு நின்று வழிபாடு நடத்தினார். திருப்பலி இல்லை. கோதுமை அப்பமும் இல்லை, திராட்சை இரசமும் இல்லை. சிலுவைப் பாதையும் செபமாலையும் பாட்டும்தான். வந்தவர்களில் கத்தோலிக்கர், புரொட்டஸ்டன்ட், யூதர், எதையும் நம்பாதவர் எல்லாரும் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு செபத்தின் நடுவே சாய்ந்தார். காலில் இரத்தம் உறைந்து கட்டியிருந்தது. கைதியான மருத்துவர்கள் கையில் இருந்ததைக் கொண்டு தேற்றினார்கள். பிறகு சீதபேதி, அதன் மேல் நிமோனியா. குணமாகத் தொடங்கிய நேரத்தில் காவலர்கள் மருத்துவமனை என்று பெயரிட்ட, மருந்தே இல்லாத வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை. கைதிகள் மறித்தார்கள். அவர்தான் விடச் சொன்னார்; எப்போதும் போக விரும்பிய இடத்துக்குத்தான் போகிறேன் என்றார். மே 23 அன்று இறந்தார். 35 வயது.

அவரை ‘வேதசாட்சி’ (விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்) என்று எழுதுகிறவர்கள் உண்டு. அருளானந்தரையும் தேவசகாயத்தையும் அறிந்த நமக்கு அந்தச் சொல் உடனே வாயில் வரும். ஆனால் 2025 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கபானை ‘வணக்கத்திற்குரியவர்’ (புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு படி) ஆக்கியது வேதசாட்சி என்ற வழியில் அல்ல. 2017இல் சேர்த்த ‘உயிரைக் கையளித்தல்’ என்ற வழியில். பிறரன்பினால் நிச்சயமான, அருகில் இருக்கும் சாவை மனமுவந்து ஏற்றவர்களுக்கான வழி அது. வேதசாட்சிக்கு, அடுத்த படியான அருளாளர் பட்டத்துக்குப் புதுமை (அற்புதம்) தேவையில்லை. இந்த வழியில் ஒரு புதுமை நிரூபிக்கப்பட வேண்டும், புனிதர் பட்டத்துக்கு இன்னொன்று. எங்களுக்கு இந்தச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. அவரை யாரும் விசுவாசத்தை மறுதலிக்கச் சொல்லி வெட்டவில்லை. தன் பங்குக் கஞ்சியையும் தூக்கத்தையும் உடம்பையும் ஆறரை மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்த்தார்.

அவர் இறந்த பிறகு ஜெரால்ட் ஃபிங்க் என்ற விமானி அந்த முகாமுக்குக் கைதியாக வந்தார். யூதர். கபானைப் பார்த்ததே இல்லை; மற்றவர்கள் சொல்லக் கேட்டது மட்டும்தான். பூட்ஸின் அடியிலிருந்த எஃகுத் துண்டைக் கல்லில் தீட்டிக் கத்தியாக்கி, விறகுக் கட்டையில் பல மாதம் செதுக்கி, ஓர் ஆள் மார்பளவு வரும் பாடுபட்ட சுரூபம் செய்தார். முள்முடியைக் கம்பியில் பின்னினார். 1953 செப்டம்பரில் விடுதலையானபோது கைதிகள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லையைக் கடந்தார்கள். இப்போது அது விச்சிட்டாவில், கபான் பெயரைத் தாங்கிய பள்ளியில் இருக்கிறது.

ஒழுகாத இரண்டு சட்டிகளும் இன்று மாலை வெள்ளிக் கடற்கரையில் தினைக் கஞ்சிக்கு அடுப்பேறின. இருபது நிமிடத்தில் வெந்தது.